சூரிய மாதிரியில் சுழற்சியைச் சேர்ப்பதா, விடுவதா?

எம்.எஸ்சி. இறுதியாண்டு மாணவி ஒருவர் சூரியனின் பரிணாமத்தைக் கணிப்பதைத் திட்டப்பணியாக எடுத்திருக்கிறார். கையில் ஒரு லேப்டாப், ஒரு செமஸ்டர் நேரம். 'மேசா' என்ற இலவச நிரலை நிறுவி, முதல் சூரியனை ஓட்டியும் பார்த்துவிட்டார். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது: "சார், சுழற்சியை ஆன் பண்ணட்டுமா, ஆஃப்லயே விடட்டுமா? ஒரு வரிதான் மாத்தணும்."

மாற்ற வேண்டியது ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் அறுபது ஆண்டு வாதம் இருக்கிறது. அவருக்கு நேரில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சூரியனின் உட்புறத்தைக் கணிப்பில் உருவாக்க இறங்கும் யாரும் இந்த இடத்தில் ஒரு முறை நின்றுதான் ஆக வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுழற்சியை அரைகுறையாகச் சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் விடுவது மேல். சேர்ப்பதென்றால் காந்தத்தையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும்.

பச்சை முட்டையா, அவித்த முட்டையா

முட்டை வெந்துவிட்டதா என்று உடைக்காமல் பார்க்க அடுக்களையில் ஒரு வழி உண்டு. முட்டையை மேடைமேல் படுக்கவைத்துச் சுழற்றிவிட்டு, விரலால் சட்டென்று தொட்டு நிறுத்தி, உடனே விரலை எடுத்துவிட வேண்டும். அவித்த முட்டை நின்றது நின்றபடி இருக்கும். பச்சை முட்டை மறுபடி மெல்லச் சுழலத் தொடங்கும். நாம் நிறுத்தியது ஓட்டை மட்டும்தான். உள்ளே இருந்த திரவம் தன் போக்கில் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

சூரியனுக்கும் இந்தச் சோதனை 457 கோடி ஆண்டுகளாக நடந்துவருகிறது. கார்த்திகைக் கூட்டத்தில் உள்ள இளம் விண்மீன்களைப் பாருங்கள். சூரியனை ஒத்த எடை உள்ளவற்றிலேயே சில ஒரு நாளைக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகின்றன. சூரியனும் இளமையில் இன்றைவிட வேகமாகத்தான் சுழன்றிருக்கும். இன்று அதன் நடுக்கோடு ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 25 நாள் ஆகிறது. வேகத்தைக் குறைத்தது சூரியக் காற்று. மேற்பரப்பிலிருந்து கிளம்பும் துகள்கள் காந்தப்புலக் கோடுகளோடு பிணைந்தபடியே வெகுதூரம் போய்த்தான் விடுபடுகின்றன. போகும்போது கோண உந்தத்தை, அதாவது சூரியனின் சுழற்சிச் சேமிப்பை, அள்ளிக்கொண்டு போகின்றன. விரல் வைத்தது ஓட்டின்மேல்தான். உள்ளே என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

பிரின்ஸ்டனில் இருந்த ராபர்ட் டிக்கி, சூரியன் பச்சை முட்டை என்று நினைத்தார். உட்பகுதி ஓரிரு நாளுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் இன்னும் சுழல்கிறது என்பது அவர் கருத்து. அப்படியானால் சூரியன் நடுக்கோட்டில் சற்றுப் பிதுங்கியிருக்க வேண்டும். 1967இல் அவரும் மார்க் கோல்டன்பெர்கும் அந்தப் பிதுக்கத்தை அளந்துவிட்டதாகவே அறிவித்தார்கள்: லட்சத்தில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 35 கிலோமீட்டர். இதன் விளைவு சூரியனோடு நிற்கவில்லை. புதன் கோளின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 கோண விநாடி கூடுதலாகத் திரும்புவதை ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அச்சாக விளக்கியிருந்தது. சூரியன் இவ்வளவு பிதுங்கியிருந்தால் அதில் கிட்டத்தட்ட 8 சதவீதம் பிதுக்கத்தின் கணக்கில் போய்விடும். ஐன்ஸ்டைனின் விடை பிசகிவிடும். சூரியனின் உள்ளே எவ்வளவு வேகம் என்ற கேள்வியில் ஈர்ப்புக் கோட்பாடே தொங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அதே ஆண்டுகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சூரியனின் கருவில் நடக்கும் அணுக்கரு வினைகளில் பிறந்து பூமிக்கு வந்து சேரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் தென்பட்டன. கரு வேகமாகச் சுழன்றால் மையவிலக்கு விசை எடையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும், வெப்பநிலை குறையும், நியூட்ரினோவும் குறையும். எனவே வேகமாகச் சுழலும் கரு கொண்ட மாதிரிகளைச் சிலர் முன்வைத்தார்கள். ஒரே அனுமானம் இரண்டு புதிருக்கும் விடையாகத் தெரிந்தது. இரண்டு இடத்திலும் அது தவறு.

தவறு என்று காட்டியது ஹீலியோசீஸ்மாலஜி, தமிழில் சொன்னால் சூரிய அதிர்வியல். சூரியன் ஒரு மணி மாதிரி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதன் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குவதை 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் லெய்ட்டன் குழுவினர் கண்டார்கள். அது உள்ளே சிக்கிக்கொண்ட ஒலி அலைகளின் வேலை என்பது 1970களில் உறுதியானது. சுழற்சியை இதிலிருந்து பிரித்தெடுக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. சூரியன் சுழலும் திசையிலேயே ஓடும் அலை ஆற்றோடு நீந்துகிறவனைப் போல வேகமாக வரும். எதிர்த்து ஓடும் அலை பின்தங்கும். சுழலாத சூரியனில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய சுருதி இரண்டாக, மூன்றாக, பலவாகப் பிளக்கிறது. 3000 மைக்ரோஹெர்ட்ஸ் சுருதியில் அடுத்தடுத்த பிளவுகளுக்கு இடையே உள்ள இடைவெளி அரை மைக்ரோஹெர்ட்ஸுக்கும் குறைவு. இவ்வளவு நுண்ணிய இடைவெளியைப் பிரித்துக் கேட்க, ஏறத்தாழ ஒரு மாதமாவது இடைவிடாமல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓர் ஊரில் உட்கார்ந்தால் தினமும் மாலையில் சூரியன் மறைந்துவிடுகிறது. அதனால்தான் உலகைச் சுற்றி ஆறு இடங்களில் 'காங்' வலையமைப்பை நிறுவினார்கள்: கலிஃபோர்னியா, ஹவாய், ஆஸ்திரேலியா, நம் உதய்ப்பூர், கேனரித் தீவுகள், சிலி. 1995 முதல் ஓரிடத்தில் சூரியன் மறைவதற்குள் இன்னோரிடம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் விண்ணில் ஏவப்பட்ட 'சோஹோ' விண்கலத்துக்கு இரவே கிடையாது.

கேட்ட செய்தி இதுதான். சூரியனின் ஆரத்தில் வெளிப்புற 29 சதவீதம் கொதிக்கும் பானையைப் போலப் புரளும் வெப்பச்சலன மண்டலம். அங்கே, மேற்பரப்பில் காணும் அதே பாங்கு ஆழத்திலும் தொடர்கிறது: நடுக்கோட்டில் 25 நாள், துருவத்தை நெருங்க நெருங்க 35 நாள் வரை. அதற்குக் கீழே கதிர்வீச்சு மண்டலம் ஒரே கட்டியாக, எல்லா அகலாங்கிலும் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆரத்தில் நான்கு சதவீதம்கூடத் தேறாத மெல்லிய அடுக்கு ஒன்றில் மொத்த மாற்றமும் நடந்துவிடுகிறது. அதற்கு டேக்கோகிளைன் என்று ஸ்பீகலும் ஸானும் 1992இல் பெயர் வைத்தார்கள்.

(கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்களிலும் சுழற்சியை அளந்திருக்கிறார்கள். கரும்புள்ளிகள் நகர்வதைப் பார்த்து அளப்பது அது. நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்ச்சி அபூர்வமான சொத்துதான். ஆனால் அது காட்டுவது ஓட்டை மட்டும்.)

ஆகவே சூரியன் அவித்த முட்டை. பிதுக்கம் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு, புதனின் கணக்கு பத்திரம். நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன என்பதை 2001, 2002 ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம் காட்டியதோடு அந்தப் புதிரும் தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. ஒலி அலைகள் நடுமையத்தை அவ்வளவாக எட்டுவதில்லை. ஆரத்தில் உள் ஐந்தில் ஒரு பங்குக்குள் சுழற்சி என்ன என்பதை இவற்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. 2017இல் ஒரு குழு, கரு மற்றப் பகுதியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சுழல்வதாக அறிவித்தது. பிறர் அதே தரவை எடுத்துச் சோதித்தபோது அந்த முடிவு நிலைக்கவில்லை. எனவே கருவின் சுழற்சியை வைத்து எந்த மாதிரியையும் தேர்ந்தெடுக்காதீர்கள், நிராகரிக்கவும் வேண்டாம்.

சுழற்சி எதை மாற்றுகிறது

இன்றைய வேகத்தில் மையவிலக்கு விசை ஈர்ப்பு விசையில் லட்சத்தில் இரண்டு பங்குதான். சூரியனின் அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை எதையும் சுழற்சி நேரடியாக அசைத்துவிடாது. இங்கேயே நின்றுவிட்டால் "ஆஃப்லயே விடுங்கள்" என்று சொல்லி முடித்துவிடலாம்.

சுழற்சி வேறு வழியாக வேலை செய்கிறது: உள்ளே இருப்பதைக் கலக்கிவிடுகிறது. இதற்குச் சாட்சி லித்தியம். சூரியன் பிறந்தபோது இருந்த லித்தியம் எவ்வளவு என்று விண்கற்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மேற்பரப்பில் இன்று அதில் ஏறத்தாழ 150இல் ஒரு பங்குதான் மிச்சம். லித்தியம் அழிய சுமார் 25 லட்சம் டிகிரி வேண்டும். வெப்பச்சலன மண்டலத்தின் அடித்தளத்தில் 22, 23 லட்சம் டிகிரிதான். கொதிக்கும் பானையின் அடி லித்தியத்தை எரிக்கக் கொஞ்சம் போதாது. அப்படியானால் அடித்தளத்துக்குக் கீழே ஏதோ ஒன்று பொருளைச் சற்றே இறக்கி, எரிய விட்டு, மேலே கொண்டுவந்திருக்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு? அதற்கு இன்னொரு சாட்சி பெரிலியம். அது அழிய 35 லட்சம் டிகிரி தேவை. அது மேற்பரப்பில் சிறிதளவே குறைந்திருக்கிறது. ஆகவே கலக்கல் நடந்திருக்கிறது, ஆனால் ஆழமாக இல்லை.

மூன்றாவது சாட்சி ஹீலியம். ஹீலியமும் கன தனிமங்களும் காலப்போக்கில் மெல்ல உள்ளே படிகின்றன. மேற்பரப்பில் இன்றுள்ள ஹீலியம் நிறையில் சுமார் 25 சதவீதம் என்று அதிர்வியல் சொல்கிறது. படிதலைக் கலக்கல் எவ்வளவு தடுத்தது என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

இனி வரும் ஒவ்வொரு மாதிரியையும் இந்த மூன்று சாட்சிகளோடு சுழற்சிப் பாங்கையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

சுழலாத மாதிரி

இதற்கு நிலையான சூரிய மாதிரி என்று பெயர். உருண்டையான, சுழலாத, காந்தமில்லாத சூரியன். இவ்வளவையும் விட்டுவிட்டு இது எவ்வளவு சரியாக வருகிறது என்பதை முதல் தடவை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். கிறிஸ்டென்சன்-டால்ஸ்கார்டு குழுவினர் 1996இல் வெளியிட்ட 'மாடல் எஸ்' சூரியனுக்குள் ஒலியின் வேகத்தைப் பெரும்பாலான ஆழத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குக்குள் சரியாகச் சொல்கிறது. நியூட்ரினோ எண்ணிக்கையிலும் கடைசியில் இந்த மாதிரியே ஜெயித்தது.

எங்கே சறுக்குகிறது என்பதைக் கவனியுங்கள். மாதிரிக்கும் சூரியனுக்கும் ஒலி வேகத்தில் உள்ள வித்தியாசத்தை ஆழத்துக்கு எதிராக வரைந்தால், கோடு பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே போய்க்கொண்டிருந்து, வெப்பச்சலன மண்டலத்துக்குச் சற்றுக் கீழே ஒரு திமில் மாதிரி எழும்பி இறங்கும். டேக்கோகிளைன் இருக்கும் இடத்தை ஒட்டியேதான் அந்தத் திமில். சுழற்சி சட்டென்று மாறுகிற இடமும் மாதிரி பிசகுகிற இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அங்கே ஒரு கலக்கல் நடக்கிறது, அது மாதிரியில் இல்லை. லித்தியத்திலும் இந்த மாதிரி தோற்கிறது.

இதற்கு ஒரு எளிய ஒட்டு உண்டு. சுழற்சியைக் கணிக்காமல், டேக்கோகிளைன் இருக்கும் ஆழத்தில் இவ்வளவு கலக்கல் என்று கையாலேயே கொடுத்துவிடுவது. 1999இல் ப்ரூன், டுர்க்-ஷியேஸ், ஸான் மூவரும் இப்படி ஒரு மாதிரியைச் செய்து காட்டினார்கள். திமில் குறைந்தது, லித்தியமும் வழிக்கு வந்தது. கலக்கல் ஏன் நடக்கிறது என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது. ஆனால் அது விடையாக வேடம் போடுவதும் இல்லை: இந்த எண்ணை நான் வைத்தேன் என்று வெளிப்படையாக நிற்கிறது. எனக்கு இது பிடிக்கும்.

சூரியனில் தனிமங்களின் அளவைப் பற்றி ஒரு தகராறு தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2005 முதல் அஸ்ப்ளுண்ட் குழுவினர் ஆக்சிஜன், கார்பன் அளவுகளைக் குறைத்துச் சொன்னதிலிருந்து ஒலி வேகப் பொருத்தம் கெட்டுப்போனது. சுழற்சியைச் சேர்த்தால் அது முழுவதும் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சுழற்சி உண்டு, காந்தம் இல்லை

மாணவி கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் ஆன் செய்து, காந்தம் தொடர்பான எதையும் தொடாமல் விட்டால் கிடைப்பது இது. சுழற்சியால் துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே மெல்லிய நீரோட்டம் உண்டாகிறது. வெவ்வேறு வேகத்தில் உரசும் அடுக்குகளுக்கு இடையே சுழிப்பு எழுகிறது. இரண்டும் கோண உந்தத்தை மேலே கொண்டுவரும். இதற்கு 1992இல் ஸான் வகுத்த கணிதம் இன்றுவரை அடிப்படை. அதற்கு முன்பே 1989இல் யேல் பல்கலைக்கழகத்தில் பின்சனோ குழுவினர் இந்த வகை மாதிரிகளைச் செய்துவிட்டார்கள்.

விடை என்ன வந்தது? கரு மேற்பரப்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழன்றது. பச்சை முட்டை. அதிர்வியல் காட்டும் சூரியனுக்கு நேர் எதிர்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த மாதிரிகளில் கலக்கலின் வேகத்துக்கு ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பி லித்தியத்தைச் சரியாக வரவைத்துவிடலாம். மாணவர்கள் லித்தியப் படத்தைப் போட்டு, பொருத்தம் அழகாக இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சுழற்சியின் படத்தைப் போட்டிருந்தால் அதே மாதிரி அங்கேயே விழுந்திருக்கும். தவறான சுழற்சியிலிருந்து பிறந்த கலக்கல் சரியான லித்தியத்தைத் தந்தால் அதை எப்படி நம்புவது?

ஏன் விழுகிறது என்பதில்தான் இந்தத் துறையின் மையமே இருக்கிறது. கட்டட வேலையில் செங்கல்லைக் கீழிருந்து மேல்மாடிக்குக் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு சித்தாளும் தலையில் சும்மாட்டை வைத்துக் கல்லைச் சுமந்துகொண்டு படியேறலாம். அல்லது எல்லாரும் படிக்கட்டில் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றலாம். முதல் வழியில் கல்லும் போகிறது, ஆளும் போகிறார். இரண்டாவதில் கல் மட்டும் போகிறது, ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறார். நீரோட்டமும் சுழிப்பும் முதல் வகை. கோண உந்தத்தை நகர்த்த வேண்டுமானால் பொருளும் கூடவே நகர வேண்டும். உட்பகுதியைச் சூரியனில் உள்ளபடி ஒரே கட்டியாகச் சுழலவைக்கும் அளவுக்கு இவற்றை முடுக்கினால், பொருள் ஆழம்வரை கலங்கி, பெரிலியமும் அழிந்துபோயிருக்க வேண்டும். பெரிலியம் இருக்கிறது. ஆகவே சூரியனுக்குள் கைமாற்றும் ஏதோ ஒன்று இருக்கிறது: கோண உந்தத்தை வெளியே கடத்தி, பொருளை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிற ஒன்று.

கைமாற்றுவது யார்: அலையா, காந்தமா

அலைகளுக்கு அந்தத் திறமை உண்டு. வெப்பச்சலன மண்டலத்திலிருந்து கீழே பாயும் குளிர்ந்த ஓடைகள் அமைதியான அடுக்கில் மோதும்போது, மிதப்பு விசையால் அலைகள் உருவாகி உள்ளே போகின்றன. இவற்றை உள் ஈர்ப்பு அலைகள் என்பார்கள். ஐன்ஸ்டைனின் ஈர்ப்பலைகளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. 2005இல் ஷார்போனலும் தலோனும் இவற்றைச் சேர்த்து ஒரு சூரியனைக் கணித்தார்கள். உட்பகுதி தட்டையாகச் சுழன்றது, லித்தியமும் பொருந்தியது. அருமையான முடிவு. ஆனால் இந்த அலைகள் எவ்வளவு வலுவாகக் கிளம்புகின்றன என்பது வெப்பச்சலனத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் அனுமானத்தைப் பொறுத்தது. கோஃபும் மெக்கின்டைரும் இன்னொரு ஆட்சேபத்தை எழுப்பினார்கள்: பூமியின் வளிமண்டலத்தில் இத்தகைய அலைகள் வேக வித்தியாசத்தைக் கூர்மையாக்குகின்றன, தேய்ப்பதில்லை. நிரலில் எளிதாக ஆன் செய்யும் வசதியும் இதற்கு இல்லை. ஒரு செமஸ்டர் வேலைக்கு இது வேண்டாம்.

காந்தத்துக்கு இரண்டு பாதை. முதலாவது, சூரியன் பிறந்தபோதே உள்ளே சிக்கிக்கொண்ட பழைய காந்தப்புலம். ஒரே புலக்கோட்டில் உள்ள பொருளெல்லாம் ஒரே வேகத்தில் சுழல வேண்டும் என்பது ஃபெராரோ 1937இல் சொன்ன விதி. மிகச் சிறிய புலமே போதும். கோஃபும் மெக்கின்டைரும் 1998இல் போட்ட கணக்கில் ஏறத்தாழ 1 காஸ். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் இதைவிடப் பல பத்து மடங்கு வலுவானது. இந்தக் கருத்தின் சிறப்பு, டேக்கோகிளைன் ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதையும் அதுவே விளக்குவது. தடுக்க யாரும் இல்லாவிட்டால், மேலே உள்ள அகலாங்கு வேறுபாடு இந்த 457 கோடி ஆண்டில் உள்ளே வெகு ஆழம் பரவியிருக்க வேண்டும். ஆனால் 2006இல் ப்ரூனும் ஸானும் இதை முப்பரிமாணத்தில் கணித்தபோது, புலக்கோடுகள் மேலே கசிந்து வெப்பச்சலன மண்டலத்தோடு பிணைந்துகொண்டன. அங்குள்ள வேறுபாட்டை உள்ளேயும் பதித்துவிட்டன. அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

இரண்டாவது பாதைதான் லேப்டாப்பில் ஓடக்கூடியது. வேகமாகவும் மெதுவாகவும் சுழலும் அடுக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காந்தப்புலம் நூல்கண்டு மாதிரிச் சுற்றி இறுகுகிறது. ஓர் அளவுக்கு மேல் இறுகினால் நிலைகுலைந்து நெளிகிறது. இதை டேய்லர் நிலைகுலைவு என்பார்கள். அந்த நெளிவே புலத்தைத் திரும்பத் திரும்ப உண்டாக்கி, அடுக்குகளைக் கட்டி இழுக்கிறது என்று ஸ்ப்ரூட் 2002இல் ஒரு வாய்பாடு தந்தார். எகன்பெர்கர் குழுவினர் 2005இல் அதைச் சூரியனில் போட்டுப் பார்த்தபோது சுழற்சி தட்டையானது. 2022இல் அதே ஆய்வாளரின் குழு ஒரு படி மேலே போனது: சுழற்சி, லித்தியம், ஹீலியம் மூன்றும் ஒரே மாதிரியில் பொருந்தின. தனித்தனியாகத் திருகு வைக்காமல், சுழற்சியைச் சரியாக வைத்ததன் விளைவாகவே மற்ற இரண்டும் வந்தன. இதனால்தான் நான் இந்தப் பக்கம் சாய்கிறேன்.

குறைகளும் உண்டு. சிவப்புப் பெருமீன்களின் கரு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைக் கெப்ளர் விண்கலத்தின் தரவு 2012 முதல் காட்டிவருகிறது. ஸ்ப்ரூட்டின் பழைய வாய்பாடு அங்கே போதவில்லை. கருவை அது போதுமான அளவு மெதுவாக்குவதில்லை. நெளிவு புலத்தைத் திரும்பத் திரும்ப உண்டாக்குவது உண்மையில் நடக்கிறதா என்பதிலேயே சந்தேகம் இருந்தது. 2023இல் பெட்டிடெமான்ஜ் குழுவினர் கணிப்பில் அப்படி ஒன்று எழுவதைக் காட்டியபின் அந்தச் சந்தேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முப்பரிமாணம்

மேலே சொன்ன மாதிரிகள் எல்லாம் ஆழம் என்ற ஒரே பரிமாணத்தில் ஓடுபவை. வெப்பச்சலன மண்டலத்தில் நடுக்கோடு ஏன் வேகம், துருவம் ஏன் மெதுவு என்று கேட்டால் அவற்றால் பதில் சொல்ல முடியாது. அதற்கு முப்பரிமாணக் கணிப்பு வேண்டும். அதிர்வியல் வருவதற்கு முன் கில்மனும் கிளாட்ஸ்மையரும் செய்த கணிப்புகள், சுழற்சி அச்சைச் சுற்றி உருளை உருளையாக மாறும் என்றன. சூரியன் அப்படிச் செய்யவில்லை. ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டரில் 540 கோடி புள்ளிகளைக் கொண்டு ஹொட்டாவும் குசானோவும் 2021இல் செய்த கணிப்பில்தான், செயற்கையாக எதையும் திணிக்காமல் நடுக்கோடு வேகமாகச் சுழலும் சூரியன் வந்தது. அங்கேயும் காந்தப்புலமே முக்கியப் பாத்திரம்.

இது கரும்புள்ளிகள், சூரிய டைனமோ (சூரியன் தன் காந்தப்புலத்தை உண்டாக்கும் விதம்) ஆகியவற்றில் இறங்குகிறவர்களின் கருவி. ஆண்டுகளைத்தான் கணிக்கும், கோடி ஆண்டுகளை அல்ல. லித்தியம் எப்படிக் கரைந்தது என்று இதனிடம் கேட்க முடியாது.

யாருக்கு எது

நியூட்ரினோவுக்காகச் சூரியன் வேண்டுமா? நிலையான மாதிரி போதும், சுழற்சியை ஆஃபிலேயே வையுங்கள். கருவின் வெப்பநிலையை நிர்ணயிப்பவை அணுக்கரு வினைகளும் தனிம அளவுகளும் ஒளிபுகாத்தன்மையும்தான். மற்ற விண்மீன்களின் வயதைக் கணிக்கச் சூரியனை அளவுகோலாக்குகிறீர்களா? கையால் கலக்கல் கொடுத்த மாதிரியை எடுங்கள். படிதலைத் தடுக்காத மாதிரி, சூரியனைவிடச் சற்றே எடை கூடிய விண்மீன்களுக்குப் போகும்போது ஹீலியத்தையும் இரும்பையும் மேற்பரப்பிலிருந்து அளவுக்கு மீறி வடித்துவிடும். சுழற்சியே உங்கள் கேள்வி என்றால் டேய்லர் நிலைகுலைவோடு. காந்தமில்லாத சுழற்சியை, அது எங்கே விழுகிறது என்று காட்டுவதற்காக மட்டும் ஓட்டுங்கள்.

மாணவிக்கு நான் சொன்னது மூன்று ஓட்டம்: சுழற்சி இல்லாமல் ஒன்று, காந்தமில்லாத சுழற்சியோடு ஒன்று, காந்தத்தோடு ஒன்று. மூன்றிலும் எடை, வயது, தனிம அளவு ஒன்றே. மூன்றையும் தனித்தனியாக இன்றைய சூரியனின் ஆரத்துக்கும் ஒளிர்வுக்கும் பொருத்திக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் வித்தியாசம் சுழற்சியால் வந்ததா பொருத்தாததால் வந்ததா என்று தெரியாது. லித்தியப் படத்தைப் போடுவதற்கு முன் சுழற்சிப் படத்தைப் போடச் சொன்னேன். போன வாரம் இரண்டாவது ஓட்டம் முடிந்து படம் அனுப்பியிருந்தார். 430 நானோஹெர்ட்ஸில், அதாவது 27 நாளுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில், தட்டையாகப் போக வேண்டிய கோடு உள்ளே போகப் போக மேலே ஏறிக்கொண்டே இருந்தது. அளக்கப்பட்ட புள்ளிகளைச் சிவப்பில் அதன் கீழே வைத்திருந்தார். மூன்றாவது ஓட்டம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.